நிலத்தடிச் செல்வம்

மனிதன் இயற்கையோடு போராடி வாழக் கற்றவன். காட்டைத் திருத்திக் கழனியாக்கினான்; ஆற்றை மறித்து அணை கட்டினான்; மலையைக் குடைந்து வழி கண்டான். இம்முயற்சிகளால் பசி குறைந்தது, பஞ்சம் தணிந்தது, வாழ்வு வளம் பெற்றது. இதனை மறுப்பார் எவரும் இலர். ஆயினும், இயற்கையிடமிருந்து பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. வெற்றி பெற்றவனே அவ்விலையை அன்றைக்கே செலுத்துவதில்லை. பெரும்பாலும் அவனுடைய அண்டை நிலத்தாரோ, அவனுடைய பேரப்பிள்ளைகளோ அதனைச் செலுத்த நேர்கிறது. இவ்வுண்மையை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள ஒரு பழங்கிணற்றை எட்டிப் பார்த்தாலே போதும்.

சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி வட்டத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் தம்மம்பட்டி அமைந்துள்ளது. மரச்சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. கொல்லிமலையில் தோன்றும் சுவேத நதி அவ்வூர் வழியே கிழக்கு நோக்கிச் செல்கிறது; பின்னர் வசிட்ட நதியோடு கூடி, வெள்ளாறு என்னும் பெயருடன் கடலை அடைகிறது. அந்நதி ஆண்டு முழுதும் ஓடுவதன்று. மழைக்காலத்தில் பெருகும்; கோடையில் மணலாய்க் கிடக்கும். ஆதலின், அப்பகுதியில் பாக்கும் தென்னையும் நெல்லும் மரவள்ளியும் விளைவிக்கும் உழவர்கள் பெரும்பாலும் கிணற்றையே நம்பி வாழ்கின்றனர். அங்கே வேளாண்மையின் வரலாறு என்பது கிணற்றின் வரலாறேயாகும்.

பாறையும் நீரும்

நிலத்தின் அடியில் ஆறுகள் ஓடுகின்றன என்றும், ஆழமாகத் தோண்டத் தோண்டக் குறையாத நீர் கிட்டும் என்றும் பலர் எண்ணுகின்றனர். ஆற்று வண்டல் படிந்த சமவெளிகளில் ஆழத்திலும் மணற்படுகைகள் உண்டு. அவற்றில் நீர் மிகுதியாகத் தேங்கும். சேலம், நாமக்கல் பகுதியின் இயல்போ வேறு. அந்நிலத்தின் அடியில் இருப்பவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான கடும்பாறைகள். பாறையின் திண்மையான உடலுக்குள் நீர் புகுவதில்லை.

ஆயினும், மேற்பரப்பை ஒட்டிய பாறை வெயிலாலும் மழையாலும் நெடுங்காலமாகச் சிதைந்து உளுத்துப் போயிருக்கிறது. மழைநீர் மண்ணைக் கடந்து இவ்வுளுத்த பாறையில் ஊறி நிற்கும். இதுவே பழங்கிணறுகளின் ஊற்றுக்கண். அதற்கும் கீழே, உறுதியான பாறையில் ஆங்காங்கே மெல்லிய வெடிப்புகள் உள்ளன. மேலே ஊறிய நீர் சிறிது சிறிதாக இவ்வெடிப்புகளில் இறங்கித் தங்கும். ஆழம் செல்லச் செல்ல வெடிப்புகள் அருகிவிடும். எனவே, கீழே இருப்பது ஆறன்று. பல தலைமுறைக் காலமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த சேமிப்பு.

இச்சேமிப்பில் ஆண்டுதோறும் சேர்வது எவ்வளவு? சேலம் மாவட்டத்தில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஆவியாகிறது. செடிகொடிகள் ஒரு பகுதியைப் பருகுகின்றன. ஒரு பகுதி ஓடைகளில் வழிந்தோடுகிறது. இத்தகைய பாறை நிலத்தில் அடியில் சென்று சேர்வது சுமார் பத்தில் ஒரு பங்கே. அதாவது 90 மில்லிமீட்டர். ஆனால், நெற்பயிர் விளைவதற்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். அதில் பாதியை மழை தந்தாலும், மீதி 600 மில்லிமீட்டரைக் கிணறுதான் தர வேண்டும். பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மீண்டும் கீழிறங்கும். அதனைக் கழித்துப் பார்த்தாலும், ஓர் ஏக்கர் நெல்லானது நான்கு ஏக்கர் நிலத்தில் சேரும் ஊற்றைக் குடித்துவிடுகிறது. எல்லா நிலத்திலும் எல்லாரும் இவ்வாறு பயிரிட்டால் கணக்கு எவ்வாறு நேராகும்?

கவலைக் கிணறு

முன்னாளில் இக்கணக்கை எவரும் எழுதிப் பார்க்கவில்லை. எனினும் அது பெரும்பாலும் வழுவாமல் நடந்து வந்தது. அதற்குக் காரணம் நீர் இறைக்கும் முறையே.

அந்நாளில் கவலை பூட்டி நீர் இறைத்தனர். கிணற்றின் விளிம்பில் நட்ட கால்களின்மேல் உருளை இருக்கும். அதன் வழியே செல்லும் வடத்தின் ஒரு முனையில் சால் தொங்கும். மறுமுனை மாடுகளின் நுகத்தடியில் கட்டப்பட்டிருக்கும். மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, நீர் நிறைந்த சால் மேலே வரும். அதன் தோல் தும்பி வழியே நீர் தொட்டியில் கொட்டி வாய்க்காலில் பாயும். பின்னர் மாடுகள் பின்னோக்கி மேடேறும். சால் மீண்டும் கீழிறங்கும். விடியற்காலையில் தொடங்கும் இவ்வேலை வெயில் ஏறியதும் நின்றுவிடும். மாடுகள் களைத்துப் போகும். அவை இளைப்பாறும் நேரத்தில் கிணறும் இளைப்பாறும். இரவெல்லாம் ஊற்று ஊறி, மறுநாட் காலையில் நீர் பழைய மட்டத்திற்கு வந்து நிற்கும்.

கிணறு மிக ஆழமானால் மாடுகளால் இழுக்க இயலாது. ஆதலின், நாற்பது ஐம்பது அடிக்கு மேல் வெட்டுவார் சிலரே. ஒரு கிணற்றுக்கு ஓரிரண்டு ஏக்கரே பாயும். ஏனைய நிலத்தில் சோளமும் கம்பும் கேழ்வரகும் மழையை நம்பி விளைந்தன. இவ்வாறு மாட்டின் களைப்பே மனிதனின் பேராசைக்கு வரம்பாக நின்றது.

அவ்வாழ்வு இனிய வாழ்வு என்று எண்ணிவிடலாகாது. மழை பொய்த்தால் கிணறும் வற்றும், பஞ்சம் தலைகாட்டும். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். சேலம் மாவட்டமும் கடுமையாகத் துன்புற்றது. அத்தகைய துயரைக் கண்ட மக்கள் நிலத்தின் அடியிலுள்ள நீரைத் தம் வயப்படுத்த விரும்பியதில் வியப்பொன்றும் இல்லை.

களைக்காத இயந்திரம்

முதலில் எண்ணெய் இயந்திரம் வந்தது. அதன்பின் மின்சாரம் வந்தது. 1932இல் பைக்காராவிலும், 1937இல் மேட்டூரிலும் நீர்மின் உற்பத்தி தொடங்கியது. 1957இல் மாநில மின்சார வாரியம் அமைந்த பின்னர், சிற்றூர்களுக்கும் வயல்களுக்கும் மின்கம்பிகள் விரைவாகச் சென்றன. கவலை ஓட்டிய கிணறுகளில் பம்புசெட்டுகள் பொருத்தப்பட்டன. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மாடுகள் ஒரு நாள் முழுதும் இறைத்த நீரை இயந்திரம் மிகச் சில மணி நேரத்தில் வெளியே தள்ளியது. ஒரு போகம் விளைந்த இடத்தில் இரு போகம் விளைந்தது. சோளம் விளைந்த மேட்டு நிலத்தில் பாக்கும் வாழையும் கரும்பும் தழைத்தன. உழவரின் குழந்தைகள் கல்வி பெற்றனர். இந்நன்மைகள் மெய்யானவை.

இயந்திரம் ஒன்றை மட்டும் அறியாது. அதற்குக் களைப்பு இல்லை. மாட்டின் களைப்பு மறைந்தபோது, அதனோடு கிணற்றின் ஓய்வும் மறைந்தது. 1990 முதல் தமிழ்நாட்டில் உழவர் அனைவர்க்கும் வேளாண்மைக்கான மின்சாரம் விலையின்றி வழங்கப்பட்டது. வறிய உழவர்க்கு அது பெருந்துணையாயிற்று. ஆனால், நீரை இறைப்பதற்குச் செலவு என்னும் தடையும் அதனால் நீங்கிற்று. இன்று மாநிலத்தில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன.

கிணறுகளில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. உழவர்கள் வெடி வைத்துப் பாறையைப் பிளந்து கிணறுகளை ஆழப்படுத்தினர். அதுவும் போதாமற்போகவே, கிணற்றின் அடியில் பக்கவாட்டில் துளைகள் இட்டனர். இறுதியில் ஆழ்துளைக் கிணறு வந்தது.

கடும்பாறையை விரைவாகத் துளைக்கும் பொறிகள் இந்தியச் சிற்றூர்களுக்கு முதன்முதல் வந்தது உயிர் காக்கும் நோக்கத்தினாலேயாகும். 1966, 1967ஆம் ஆண்டுகளில் பீகாரில் கொடிய வறட்சி நேர்ந்தபோது, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யூனிசெப் அத்தகைய பொறிகளைக் குடிநீருக்காக வரவழைத்துத் தந்தது. நாளடைவில் அத்தொழில்நுட்பம் வேளாண்மைக்கும் பரவியது. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு இத்தொழிலின் பெருநிலையமாக வளர்ந்தது. அங்கிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று நிலத்தைத் துளைக்கின்றன. அத்தொழிலாளரின் உழைப்பும் திறமையும் பாராட்டுக்கு உரியவை. ஆறரை அங்குல அகலமுள்ள துளையைப் பல நூறு அடி ஆழத்திற்குப் பாறையில் இடுவது எளிய செயலன்று. எனினும், துளையிடும் ஆற்றல் பெருகியதே அன்றித் துளைக்குள் சேரும் நீர் பெருகவில்லை.

ஆழத்தில் ஒரு போட்டி

நிலத்திற்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் தம் வயலில் முந்நூறு அடி துளையிட்டு நீர் கண்டால், அருகிலுள்ள அறுபது அடிக் கிணறு வற்றுகிறது. அக்கிணற்றுக்கு உரியவர் கடன் வாங்கி ஐந்நூறு அடி துளையிடுகிறார். முன்னவரின் துளை வற்றுகிறது. அவர் எண்ணூறு அடிக்கும் ஆயிரம் அடிக்கும் செல்கிறார். இருவரும் செலவிட்டது மிகுதி. இருவருக்கும் கிடைப்பது முன்பிருந்த அதே நீர், அல்லது அதனினும் குறைவு. இப்போட்டியில் முதலில் தோற்பவர் சிறுநிலம் உடையவர். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து குறித்த இடத்தில் துளையிட்டு, புழுதி மட்டுமே மேலே வருவதைக் கண்டு நின்ற குடும்பங்கள் பல. துளை பொய்த்தாலும் வண்டிக் கூலியும் கடனும் பொய்ப்பதில்லை.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலம் முழுதும் வறட்சியால் பாதிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. பல ஆண்டுகள் வளர்த்த தென்னைகளும் பாக்கு மரங்களும் பல இடங்களில் நின்ற நிலையிலேயே காய்ந்தன. மழை பொய்ப்பது புதிதன்று. பொய்க்கும் ஆண்டிற்கென நிலத்தடியில் இருந்த சேமிப்பு, மழை பெய்த ஆண்டுகளிலேயே செலவாகிவிட்டதுதான் புதிது. குந்தித் தின்றால் குன்றும் கரையும் என்பது பழமொழி. குன்றின் அடியில் இருந்த நீரும் அவ்வாறே கரைந்தது.

2017ஆம் ஆண்டு எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களுள் 462 குறுவட்டங்களில் ஆண்டுதோறும் ஊறும் அளவினும் மிகுதியாக நீர் எடுக்கப்பட்டது. சேலம் மாவட்டத்தின் குறுவட்டங்கள் பலவும் அவற்றுள் அடங்கும்.

ஆழம் தரும் நஞ்சு

நீர் குறைவது ஒரு தீமை. எஞ்சிய நீர் கெடுவது மற்றொரு தீமை. பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீரில், பாறையிலுள்ள உப்புகள் கரைகின்றன. அவற்றுள் ஒன்று புளோரைடு. ஒரு லிட்டர் நீரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் தீங்கு விளையும் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அளவு மீறிய நீரைப் பல ஆண்டுகள் பருகும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. தீமை முற்றினால் எலும்புகள் இறுகி, முதுகு நிமிராத நிலை ஏற்படும். அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் பரவியிருந்ததை மருத்துவர்கள் 1937இலேயே ஆராய்ந்து வெளியிட்டனர். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்ட மக்களை இத்தீங்கினின்று காக்கும் பொருட்டே, காவிரி நீரைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயற்பாட்டிற்கு வந்தது.

அறியாத ஆழத்தில் கைவைப்பதன் தீமைக்கு வங்காளதேசம் பெருஞ்சான்று. அங்கே குளத்து நீரைப் பருகிய குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிந்தனர். அவர்களைக் காப்பதற்காக 1970களில் யூனிசெப் துணையுடன் எண்ணற்ற குழாய்க் கிணறுகள் இடப்பட்டன. அவற்றின் நீர் தெளிவாக இருந்தது. ஆனால், வண்டற்படுகையில் இயல்பாகவே இருந்த ஆர்செனிக் என்னும் நஞ்சு அதில் கலந்திருந்ததை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1993இல் அது உறுதியாயிற்று. அதற்குள் கோடிக்கணக்கான மக்கள் அந்நீரைப் பல ஆண்டுகள் பருகிவிட்டனர். நல்லெண்ணம் மட்டும் இயற்கையின் முன் போதாது. அறிவும் பொறுமையும் உடன் வேண்டும்.

நிலமே தாழ்ந்த இடங்களும் உண்டு. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் சான் வாக்கின் பள்ளத்தாக்கு உழவுக்குப் பெயர் பெற்றது. அங்கே நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததனால், 1925க்கும் 1977க்கும் இடையே ஓரிடத்தில் தரை ஏறத்தாழ 9 மீட்டர் கீழே இறங்கியது. நீர் நீங்கிய களிமண் அடுக்குகள் அழுந்திவிட்டன. பின்னர் எவ்வளவு மழை பெய்தாலும், அழுந்திய அடுக்குகள் பழைய அளவு நீரை ஏற்க மாட்டா. சேலத்துப் பாறை அவ்வாறு அழுந்துவதில்லை. ஆதலின், இங்கே இழந்ததை மீட்க இன்னும் வழி உண்டு.

மூடப்படாத துளைகள்

வற்றிய துளைகள் வேறொரு கேட்டையும் விளைவித்தன. நீர் இல்லை என்று கைவிடப்பட்ட துளைகளை மூடாமல் விட்டமையால், நாட்டின் பல பகுதிகளில் குழந்தைகள் அவற்றினுள் விழுந்து மாண்டனர். உச்ச நீதிமன்றம் 2010இல் இதற்கெனக் கடுமையான விதிகளை வகுத்தது. அதன் பின்னும், 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே இரண்டு வயதுக் குழந்தை ஒன்று துளைக்குள் விழுந்தது. பல நாள் முயன்றும் அதனை உயிருடன் மீட்க இயலவில்லை. ஆயிரம் அடி துளைக்கக் கற்ற மனிதன், ஓரடி அகலமும் இல்லாத வாயை ஒரு மூடியால் மூட மறந்தான். ஆற்றல் வளர்ந்த அளவிற்குப் பொறுப்பு வளராவிடின் நேர்வது யாது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

வரம்பு கட்டுதல்

இனி மீண்டும் கவலை ஓட்ட வேண்டுமா? வேண்டுவதில்லை. மாட்டின் களைப்பு கட்டிய வரம்பை இனி மனிதனின் அறிவு கட்ட வேண்டும். அவ்வளவே.

சட்டத்தால் வரம்பு கட்டும் முயற்சி தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது முழுமையாக நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. ஊராரின் உடன்பாடும் சேர்ந்தால் எத்துணைப் பயன் விளையும் என்பதனை மராட்டிய மாநிலத்தின் ஹிவரே பஜார் என்னும் சிற்றூர் காட்டியுள்ளது. அது மழை குன்றிய பகுதி. ஆண்டிற்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழையே அங்குப் பெய்யும். 1990 முதல், ஊர்த் தலைவர் போபட்ராவ் பவாரின் வழிகாட்டலில், அவ்வூரார் குன்றுகளில் வரப்பு வெட்டி மழைநீரைத் தேக்கினர். பாசனத்திற்கு ஆழ்துளைக் கிணறு இடுவதில்லை என்றும், நீரை மிகுதியாக உண்ணும் கரும்பைப் பயிரிடுவதில்லை என்றும் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். ஒவ்வோர் ஆண்டும் பெய்த மழையை அளந்து, குடிநீருக்கு இவ்வளவு, கால்நடைக்கு இவ்வளவு, பயிருக்கு இவ்வளவு என்று ஊர்கூடிக் கணக்கிடுகின்றனர். மழை குறைந்த ஆண்டில் பயிரைக் குறைக்கின்றனர். அவ்வூர்க் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றோர் பலர் திரும்பி வந்தனர்.

தமிழ்நாட்டிற்கு இவ்வழக்கம் அயலானதன்று. ஏரியின் மதகைத் திறக்கும் முறையும், நாள் பிரித்து நீர் பாய்ச்சும் முறையும், குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் கூடித் தூர் வாரும் முறையும் இந்நாட்டில் நெடுங்காலம் வழங்கி வந்தவை. ஏரி கண்ணுக்குத் தெரியும் நீர். அதனால் அதனைப் பொதுவென்று எண்ணினர். நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியாத ஏரி. அதனைத் தனி உடைமை என்று எண்ணியதே பிழை. ஏரிகளும் ஓடைகளும் தூர் வாரப்பட்டு மழைநீர் தேங்கினால் கிணறுகள் ஊறும். சொட்டுநீர்ப் பாசனத்தால் குறைந்த நீரில் பயிரைக் காக்கலாம். ஆனால், மிச்சமான நீரைக் கொண்டு மேலும் நிலத்தைப் பாசனமாக்கினால் அச்சிக்கனத்தாலும் பயனில்லை. எடுப்பது ஊறுவதற்கு மிகாதிருத்தல் வேண்டும் என்னும் ஒரு விதியே அனைத்திற்கும் அடிப்படை.

இயற்கையை அடக்கியாள்வது பெருமையன்று. அதன் அளவை அறிந்து, தன்னை அடக்கிக்கொள்வதே பெருமை. நிலத்தடி நீர் முன்னோர் செலவிடாமல் விட்டுச் சென்ற செல்வம். அதனைப் பெற்றவர்கள் வட்டியை உண்ணலாம். முதலை அழித்தல் ஆகாது. இன்று நீர் இறைப்பவரின் கையில் இருப்பது அவருடைய வயலின் விளைவு மட்டுமன்று. அண்டை வயலின் விளைவும், இனிப் பிறக்கும் குழந்தையின் தாகமும் அதனுள் அடங்கும்.

பயிற்சி

1. பாறை நிலத்தில் மழைநீர் எங்கெங்குத் தங்குகிறது? விளக்குக.
2. மாட்டின் களைப்பு கிணற்றுக்கு எவ்வாறு காவலாக நின்றது?
3. ஆழ்துளைக் கிணற்றுப் போட்டியில் இருவருமே இழப்பது ஏன்?
4. வங்காளதேசத்துக் குழாய்க் கிணறுகள் உணர்த்தும் பாடம் யாது?
5. உன் ஊர்க் கிணறு ஒன்றின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் முதியோரிடம் கேட்டறிந்து, அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.